அணைப்பதும் மூட்டுவதும்: சைட்டோகைன் செய்திகளில் டெங்குப் புரதங்களின் தலையீடு

டெங்குக் காய்ச்சலில் நோயாளிக்கு ஆபத்து மிகுவது காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அன்று, அது இறங்கத் தொடங்கும்போதுதான் என்பதை மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் எச்சரிக்கிறார்கள். நோய் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில், உடல் வெப்பம் தணிந்து வீட்டார் ஆறுதல் கொள்ளும் அதே வேளையில், சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் கசியத் தொடங்குகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வயிற்றறையிலும் நுரையீரல் உறைகளுக்கிடையிலும் சேர்கிறது. குழாய்களில் எஞ்சும் இரத்தம் கெட்டிப்பட்டு, இரத்த அழுத்தம் சரிகிறது. அந்த வேளையில் இரத்தத்தில் வைரஸின் அளவோ பெரும்பாலும் குறைந்துகொண்டிருக்கிறது. வைரஸ் குறையும்போது நோய் முற்றுகிறது என்றால், கேட்டுக்கு வைரஸின் பெருக்கத்தை மட்டும் காரணமாகக் கொள்ள முடியாது. வைரஸுக்கும் அதை எதிர்க்கும் செல்களுக்கும் இடையே அதற்கு முந்தைய நாட்களில் நடந்தவற்றிலும் காரணத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

அந்த நாட்களில் நடப்பவற்றுள் பெரும்பகுதி செய்திப் பரிமாற்றம் சார்ந்தது. நோயெதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன்கள் எனப்படும் சிறு புரதங்களைச் சுரந்து, அவற்றின் வழியாக ஒன்றையொன்று எச்சரிக்கின்றன, அழைக்கின்றன, தூண்டுகின்றன, அடக்கவும் செய்கின்றன. ஒரு சைட்டோகைன் மற்றொரு செல்லின் மேற்பரப்பில் தனக்குரிய ஏற்பியைப் பற்றிக்கொண்டதும், அச்செல்லினுள் புரதம் புரதமாகக் கைமாறும் ஒரு செய்தி உட்கருவை அடைந்து, அதுவரை உறங்கிக்கிடந்த மரபணுக்களை இயக்குகிறது. வைரஸ்கள் இந்தப் பரிமாற்றத்தில் தலையிடுகின்றன என்பது நெடுநாள் அறிந்த செய்தி. ஆனால் அத்தலையீட்டை ‘நோயெதிர்ப்பை ஒடுக்குதல்’ என்ற ஒரே சொற்றொடரில் அடக்கிவிடும் வழக்கம் உண்மையின் ஒரு பாதியையே சொல்கிறது. டெங்கு வைரஸ் தான் குடிபுகுந்த செல்லின் எச்சரிக்கையை அணைக்கிறது. அதே வைரஸின் மற்றொரு புரதம், தொற்றே ஏற்படாத செல்களில் எச்சரிக்கையை மூட்டிவிடுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றிக் காய்ச்சல் தணியும் நாளின் ஆபத்து விளங்காது.

வைரஸுக்கு எதிரான சைட்டோகைன்களுள் முதன்மையானது இன்டர்ஃபெரான். 1954இல் ஜப்பானின் யசுயிச்சி நகானோவும் யசுஹிகோ கோஜிமாவும், வைரஸால் தூண்டப்பட்ட முயல் திசுவில் வைரஸைத் தடுக்கும் ஒரு கரைபொருள் இருப்பதைக் கண்டனர். 1957இல் லண்டனில் மில் ஹில் பகுதியிலிருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மானும், கோழிமுட்டைச் சவ்வுத் துண்டுகளில் வெப்பத்தால் செயலிழக்கச் செய்யப்பட்ட இன்ஃபுளுவென்சா வைரஸைச் சேர்த்து, அச்சவ்வு வெளியிட்ட ஒரு பொருள் வேறு சவ்வுகளையும் தொற்றிலிருந்து காப்பதைக் காட்டி, அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டனர். அப்பொருள் செல்லுக்குள் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிய மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அதை அறிந்த வழி தனியே சொல்லத் தக்கது. இயன் கெர், ஜார்ஜ் ஸ்டார்க் ஆகியோரின் குழு, மனிதச் செல்களை வேதிப்பொருளால் பிறழ்வுக்கு உள்ளாக்கி, இன்டர்ஃபெரானுக்குச் செவிசாய்க்காத செல்களைப் பிரித்தெடுத்தது. அவற்றுள் எதில் எந்த மரபணு பழுதாகியிருக்கிறது என்று, நல்ல மரபணுவைத் திரும்பச் சேர்த்து ஒவ்வொன்றாகக் கண்டறிந்தது. அதே காலத்தில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டார்னெலின் குழு உட்கருப் பக்கத்திலிருந்து பின்னோக்கித் தேடி வந்தது. 1990களின் தொடக்கத்தில் இரு தேடல்களும் ஓரிடத்தில் சந்தித்தன. இன்டர்ஃபெரான் தன் ஏற்பியைத் தொட்டதும், ஏற்பியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஜாக்-1, டைக்-2 என்னும் நொதிகள் விழிக்கின்றன, அவை ஸ்டாட்-1, ஸ்டாட்-2 என்னும் புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன, அவ்விரண்டும் ஐ.ஆர்.எஃப்-9 என்னும் மூன்றாவதுடன் கூடி உட்கருவுக்குள் சென்று, நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்குகின்றன. அம்மரபணுக்களிலிருந்து பிறக்கும் புரதங்களில் சில வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் துண்டிக்க வழிசெய்கின்றன, சில செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்துகின்றன, சில வைரஸ் நுழையும் சவ்வை இறுக்குகின்றன.

இது செய்தியின் பிற்பாதி. முற்பாதி, இன்டர்ஃபெரான் சுரக்கப்படுவதற்கு முன் நடப்பது. செல்லினுள் அயலான ஆர்.என்.ஏ. தென்பட்டால் ரிக்-ஐ, எம்.டி.ஏ-5 ஆகிய உணரிகள் அதைப் பிடிக்கின்றன, செய்தி மைட்டோகாண்ட்ரியாவின் மேற்பரப்பிலுள்ள மாவ்ஸ் என்னும் புரதத்துக்குப் போகிறது, அங்கிருந்து ஐ.ஆர்.எஃப்-3 என்னும் புரதம் உட்கருவுக்குச் சென்று இன்டர்ஃபெரான் மரபணுவைத் திறக்கிறது. இடம் மாறிக் கிடக்கும் டி.என்.ஏ.வுக்கென சிகாஸ், ஸ்டிங் என்னும் வேறோர் இணை உண்டு. ஆக, வைரஸ் குறுக்கே நிற்கக்கூடிய இடங்கள் இரு பாதிகளிலும் உள்ளன: எச்சரிக்கை எழும்பும் இடம் ஒன்று, எச்சரிக்கை கேட்கப்படும் இடம் மற்றொன்று.

எந்த இடத்தில் எப்படி நிற்பது என்பதில் பெரிய வைரஸ்களும் சிறிய வைரஸ்களும் வேறுபடுகின்றன. ஏறத்தாழ இரண்டு லட்சம் எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ.வைச் சுமக்கும் அம்மை வகை வைரஸ்களுக்கும் ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ்களுக்கும் உபரி மரபணுக்களுக்கு இடமுண்டு. அவை பரிணாமத்தின் நெடும்பாதையில் தம்மை வளர்த்த உயிரிகளின் சைட்டோகைன் மரபணுக்களையே கவர்ந்து, திருத்தி, தமக்கெனப் பயன்படுத்துகின்றன. பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்பட்ட வாக்சினியா வைரஸின் பி15ஆர் என்னும் புரதம் இதற்குச் சிறந்த சான்று. செல் மேற்பரப்பில் இருக்கவேண்டிய இன்டர்லூகின்-1 ஏற்பியை ஒத்த வடிவத்தில், ஆனால் எந்தச் செல்லோடும் ஒட்டாமல், அது வெளியே சுரக்கப்படுகிறது. காய்ச்சலை எழுப்பும் இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தன்னிடம் பிடித்து வைத்து, உண்மையான ஏற்பியை எட்டவிடாமல் செய்கிறது. அந்தோனியோ அல்காமி, ஜெஃப்ரி ஸ்மித் ஆகியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், மூக்கின் வழியே தொற்றிய எலிகளில், இம்மரபணு நீக்கப்பட்ட வைரஸ் நோயை விரைவுபடுத்தியது. 1996இல் வெளியான அவர்களின் அடுத்த ஆய்வு, அம்மரபணு இல்லாதபோது எலிகளுக்குக் காய்ச்சல் வருவதையும் இருந்தால் வராததையும் காட்டியது. வைரஸின் ஒரு புரதத்தை நீக்கினால் நோய் தணியும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். இங்கு நோய் கடுமையாயிற்று. எலியை வருத்தியதில் வைரஸுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு எலியின் சொந்தச் சைட்டோகைனுக்கும் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

மனிதச் செல்களில் இத்தகைய திருத்தல் எவ்வளவு நுட்பமானது என்பதை எப்ஸ்டீன்-பார் வைரஸ் காட்டுகிறது. உலகின் பெரும்பாலான மக்களின் பி-செல்களில் வாழ்நாள் முழுதும் தங்கியிருக்கும் இவ்வைரஸின் மரபுத்தொகுதி 1984இலேயே முழுதாகப் படிக்கப்பட்டுவிட்டது. அதில் பி.சி.ஆர்.எஃப்-1 என்று குறிக்கப்பட்ட மரபணு என்ன செய்கிறது என்பது அப்போது தெரியவில்லை. 1990இல், பிற செல்களின் சைட்டோகைன் உற்பத்தியை அடக்கும் இன்டர்லூகின்-10இன் மரபணு படிக்கப்பட்டபோதுதான், வைரஸிடம் இருந்தது அதன் நெருங்கிய நகல் என்று புலப்பட்டது. நகலுக்கும் மூலத்துக்கும் அமினோ அமில வரிசையில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை ஒன்றே. ஆனால் மனித இன்டர்லூகின்-10 அடக்கும் வேலையை மட்டும் செய்வதில்லை. சில செல்களைத் தூண்டவும் செய்கிறது. வைரஸின் நகலோ அடக்கும் வேலையை வைத்துக்கொண்டு, தூண்டும் வேலையின் பெரும்பகுதியைக் கைவிட்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இந்த வேறுபாட்டின் வேரை ஒரேயொரு அமினோ அமிலத்தில் கண்டது: 87ஆம் இடத்தில் மனிதப் புரதத்தில் ஐசோலூசின், வைரஸ் புரதத்தில் அலனின். மனிதப் புரதத்தில் அந்த ஓரிடத்தை மட்டும் அலனினாக மாற்றியபோது அதுவும் தூண்டும் ஆற்றலை இழந்தது. ஏற்பியோடு வைரஸ் புரதத்தின் பிடிப்பு மிகத் தளர்வானது என்பதே இதன் அடிப்படை; தளர்ந்த பிடிப்பு சில செல்களில் போதுமானதாகவும் வேறு சில செல்களில் போதாததாகவும் அமைகிறது.

கபோசி சார்க்கோமா என்னும் புற்றுநோயை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் இன்னும் ஓரடி முன்னே செல்கிறது. மனித இன்டர்லூகின்-6 தனக்கே உரிய ஓர் ஏற்பியையும் ஜி.பி-130 என்னும் பொது ஏற்பியையும் சேர்த்தே தொட்டால்தான் செய்தி பிறக்கும். முதலாவது சில வகைச் செல்களில் மட்டுமே உண்டு. வைரஸின் இன்டர்லூகின்-6 முதலாவதைத் தவிர்த்து, ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கும் ஜி.பி-130ஐ நேரே பற்றுகிறது. இன்டர்ஃபெரான் ஒரு செல்லை எச்சரிக்கும்போது அச்செல் முதலாவது ஏற்பியைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே மனித இன்டர்லூகின்-6இன் குரல் அங்கே அடங்கிவிட, வைரஸின் குரல் மட்டும் தொடர்கிறது. அதோடு, வைரஸின் இம்மரபணுவை முடுக்குவதே இன்டர்ஃபெரான்தான் என்பது 2002இல் தெரியவந்தது. எதிரியின் எச்சரிக்கை மணியையே தன் வேலைக்கான அழைப்பாக மாற்றிக்கொண்ட வைரஸ் இது.

டெங்கு வைரஸுக்கு இந்த வசதி எதுவுமில்லை. அதன் மரபுத்தொகுதி ஏறத்தாழ 10,700 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை, அதிலிருந்து கிடைப்பவை பத்தே புரதங்கள். மூன்று வைரஸ் துகளின் உடலாகின்றன. எஞ்சிய ஏழும் வைரஸின் கட்டமைப்பில் சேராதவை என்பதால் என்.எஸ். என்ற முன்னொட்டோடு எண்ணிடப்படுகின்றன. கவர்ந்த மரபணுக்களை வைத்துக்கொள்ள இடமற்ற இந்த வைரஸ், தன் பெருக்கத்துக்கு வேண்டிய அதே புரதங்களுக்குச் செய்தியை மறிக்கும் வேலையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது.

என்.எஸ்.2பி, என்.எஸ்.3 ஆகிய இரண்டும் இணைந்து புரதத்தை வெட்டும் நொதியாகின்றன. வைரஸின் புரதங்கள் ஒரே நீண்ட சங்கிலியாகத்தான் முதலில் உருவாகின்றன. அதைத் தனித்தனிப் புரதங்களாக வெட்டுவதில் பெரும்பங்கு இந்நொதிக்கு உரியது. மனித டென்ட்ரிடிக் செல்களில், அதாவது அயற்பொருளைப் பிடித்து மற்ற நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் கிளைவடிவச் செல்களில், இதே நொதி ஸ்டிங் புரதத்தையும் வெட்டுகிறது என்று 2012இல் இரு குழுக்கள் தெரிவித்தன. ஸ்டிங் டி.என்.ஏ. எச்சரிக்கையின் பகுதி, டெங்குவிடம் டி.என்.ஏ.வே இல்லை. இந்தப் புதிருக்கு விடை 2017இல் கிடைத்தது: தொற்றுக்குள்ளான செல்லில் மைட்டோகாண்ட்ரியா சிதைந்து அதன் சொந்த டி.என்.ஏ. வெளியே கசிகிறது, அதை சிகாஸ் உணர்கிறது. வைரஸ் இந்தப் பக்கவழியையும் விட்டுவைக்கவில்லை. ஸ்டிங்கை வெட்டுவதோடு, என்.எஸ்.2பி சிகாஸையும் சிதைவுக்கு அனுப்புகிறது. ஆர்.என்.ஏ. வழியில் மறிக்கும் வேலை என்.எஸ்.3க்கு. ரிக்-ஐ மைட்டோகாண்ட்ரியாவுக்குச் செல்ல அதைச் சுமந்து போகும் 14-3-3 எப்சிலான் என்னும் புரதத்தோடு என்.எஸ்.3 ஒட்டிக்கொள்கிறது, ரிக்-ஐ இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

இவ்வளவையும் மீறிச் சிறிது இன்டர்ஃபெரான் வெளியேறத்தான் செய்கிறது. அதைக் கேட்கும் பாதியை மறிப்பவை என்.எஸ்.4பி-யும் என்.எஸ்.5-உம். முன்னது ஸ்டாட்-1இல் பாஸ்பேட் ஏறுவதைத் தடுக்கிறது. பின்னதன் வேலை, இத்துறையில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று. என்.எஸ்.5 டெங்குவின் மிகப் பெரிய புரதம், ஏறத்தாழ 900 அமினோ அமிலங்கள் கொண்டது, வைரஸின் ஆர்.என்.ஏ.வை நகலெடுப்பது அதன் முதன்மைப் பணி. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளியில் அடோல்ஃபோ கார்சியா-சாஸ்ட்ரேயின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விந்தையான வேறுபாடு வெளிப்பட்டது. என்.எஸ்.5 மரபணுவை மட்டும் தனியே செல்லில் சேர்த்து அப்புரதத்தை உருவாக்கியபோது, அது ஸ்டாட்-2ஐப் பற்றியது, ஆனால் அழிக்கவில்லை. தொற்றின்போது நடப்பதுபோல், ஒரு நீண்ட சங்கிலியிலிருந்து வெட்டப்பட்டு என்.எஸ்.5 பிறக்கும்படி அமைத்தபோதுதான் ஸ்டாட்-2 மறைந்தது. வெட்டப்பட்டுப் பிறக்கும்போது புரதத்தின் தொடக்க முனை திறந்து நிற்கிறது. தனியே உருவாகும்போது அம்முனையில் மெத்தியோனின் என்னும் கூடுதல் அமினோ அமிலம் மூடியாக அமர்ந்துவிடுகிறது. அந்தத் திறந்த முனை எதற்கு என்பதை 2013இல் அதே ஆய்வுமரபில் வந்த பணி விளக்கியது. செல்லுக்கு வேண்டாத புரதங்களில் யுபிகுட்டின் என்னும் சிறு அடையாளத்தை ஒட்டி அவற்றைச் சிதைக்கும் அமைப்புக்கு அனுப்பும் யு.பி.ஆர்-4 என்னும் மனிதப் புரதத்தை, என்.எஸ்.5 அம்முனையைக் கொண்டு பிடிக்கிறது. ஒரு பக்கம் ஸ்டாட்-2, மறுபக்கம் யு.பி.ஆர்-4, இரண்டையும் அருகருகே கொண்டுவந்து நிறுத்துவதோடு என்.எஸ்.5இன் வேலை முடிகிறது. அழிப்பது செல்லின் சொந்த இயந்திரம்.

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ்களும் இதே முடிவுக்கு வெவ்வேறு வழிகளில் வந்திருப்பது, ஸ்டாட்-2 எவ்வளவு இன்றியமையாத கண்ணி என்பதைக் காட்டுகிறது. ஜிகா வைரஸின் என்.எஸ்.5-உம் ஸ்டாட்-2ஐ அழிக்கிறது, ஆனால் யு.பி.ஆர்-4இன் துணையின்றி. மஞ்சள் காய்ச்சல் வைரஸின் என்.எஸ்.5 அதை அழிப்பதில்லை. இன்டர்ஃபெரான் வந்து செல்லைத் தூண்டிய பிறகே ஸ்டாட்-2ஐப் பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. பிறவியிலேயே ஸ்டாட்-2 இல்லாத குழந்தைகள் மிக அரிதாக உள்ளனர். அத்தகைய ஒரு குழந்தைக்கு, மற்றக் குழந்தைகள் எளிதில் தாங்கும் தட்டம்மைத் தடுப்பூசியின் வலுவிழந்த வைரஸே உடலெங்கும் பரவியதாக 2013இல் பதிவாகியிருக்கிறது. ஒரு மரபுக் குறைபாடு உடல் முழுதும் செய்வதை, டெங்கு தான் புகுந்த ஒவ்வொரு செல்லுக்குள்ளும் செய்கிறது.

இக்கண்டுபிடிப்புகளின் மற்றொரு விளைவு ஆய்வுமுறையைப் பற்றியது. என்.எஸ்.5 மனித ஸ்டாட்-2ஐப் பற்றுகிறது, எலியின் ஸ்டாட்-2ஐப் பற்றுவதில்லை. டெங்குவின் வெட்டும் நொதி மனித ஸ்டிங்கை வெட்டுகிறது, எலியின் ஸ்டிங்கை வெட்டுவதில்லை. சாதாரண எலிகளுக்கு டெங்கு நோய் ஏன் வருவதில்லை என்ற பழைய கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. ஆனால் அந்த விடையே ஆய்வாளர்களை ஓர் இக்கட்டில் நிறுத்துகிறது. டெங்குவை எலியில் ஆராய வேண்டுமானால், இன்டர்ஃபெரான் ஏற்பிகளே இல்லாத எலிகளைப் பயன்படுத்தவேண்டியிருக்கிறது. ஏற்பியே இல்லாத விலங்கில், ஏற்பிக்குப் பின்னால் நடக்கும் செய்தியை வைரஸ் எப்படி மாற்றுகிறது என்று பார்க்க இயலாது. ஜிகாவுக்காக மனித ஸ்டாட்-2 மரபணு பொருத்தப்பட்ட எலிகள் 2018இல் உருவாக்கப்பட்டன. அது நல்ல முன்னேற்றம். எனினும், தானமாகக் கிடைத்த மனித இரத்தத்தின் மோனோசைட்டுகள் என்னும் வெள்ளணுக்களிலிருந்து வளர்த்தெடுக்கப்படும் டென்ட்ரிடிக் செல்களுக்கு இணையான சான்று வேறில்லை. ஆய்வகத்தில் வளர்க்க எளிதான செல்வரிசைகளில், ஒரு வைரஸ் புரதத்தை மட்டும் மிகையான அளவில் உருவாக்கிக் கண்ட முடிவுகள் ஏராளமாக உள்ளன. அவற்றை முழு வைரஸ் தொற்றிய மனித நோயெதிர்ப்புச் செல்லில் சரிபார்க்கும்வரை, நடக்கக்கூடியது எது என்பதற்கே அவை சான்று, நடப்பது எது என்பதற்கு அல்ல. தனித்துப் பிறந்த என்.எஸ்.5 ஸ்டாட்-2ஐ விட்டுவைத்த கதையே இதற்குப் போதுமான சான்று.

இதுவரை சொன்னவை அணைக்கும் பக்கம். மூட்டும் பக்கத்தின் தலைமைப் பாத்திரம் என்.எஸ்.1. தமிழ்நாட்டில் மழைக்காலம்தோறும் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் பலரும் காணும் பெயர்தான் இது; காய்ச்சலின் முதல் சில நாட்களிலேயே டெங்குவை உறுதிசெய்ய உதவும் என்.எஸ்.1 பரிசோதனை தேடுவது இப்புரதத்தைத்தான். வைரஸின் மற்ற என்.எஸ். புரதங்கள் செல்லுக்குள்ளேயே தங்கிவிட, இது மட்டும் ஆறு அலகுகள் சேர்ந்து நடுவில் கொழுப்பைப் பொதிந்த துகளாக வெளியே சுரக்கப்படுகிறது. நோயாளியின் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் சேர்கிறது. இந்தப் பெருக்கத்தால்தான் அது நல்ல நோயறி குறியாயிற்று. நெடுங்காலம் அது அவ்வளவாகவே கருதப்பட்டது.

2015இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் யங்கின் குழுவும், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஈவா ஹாரிஸின் குழுவும் ஒரே நேரத்தில் வெளியிட்ட ஆய்வுகள் அந்தக் கருத்தை மாற்றின. வைரஸே இல்லாமல், தூய்மையாக்கப்பட்ட என்.எஸ்.1 மட்டும் மனித மோனோசைட்டுகளிலும் மேக்ரோஃபேஜ்களிலும் டி.எல்.ஆர்-4 என்னும் ஏற்பியைத் தூண்டி, அழற்சியை எழுப்பும் சைட்டோகைன்களைச் சுரக்கவைக்கிறது. இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களின் தடுப்பாற்றலையும் தளர்த்துகிறது. டி.எல்.ஆர்-4 என்பது சில வகைப் பாக்டீரியாக்களின் புறச்சுவரிலுள்ள நச்சுப்பொருளை உணர்ந்து, பாக்டீரியா இரத்தத்தில் பரவும்போது அதிர்ச்சிநிலையை உண்டாக்கும் அதே ஏற்பி. டெங்கு அதிர்ச்சிக்கும் பாக்டீரிய அதிர்ச்சிக்கும் படுக்கையருகே மருத்துவர்கள் கண்ட ஒற்றுமைக்கு இதில் ஒரு மூலக்கூற்று விளக்கம் கிடைத்தது.

ஆனால் சைட்டோகைன்களிடம் எல்லாப் பழியையும் போட்டுவிட முடியாது. பெர்க்லி குழுவின் அடுத்தடுத்த பணிகள், உட்சுவர்ச் செல்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகளாலான கிளைக்கோகேலிக்ஸ் என்னும் மென்படலத்தை என்.எஸ்.1 குலைப்பதைக் காட்டின: அச்செல்களின் சொந்த நொதிகளையே அது முடுக்கிவிட்டு, அவற்றைக்கொண்டு படலத்தை அரிக்கச் செய்கிறது. 2017இல் வெளியான ஆய்வொன்றில், இந்தக் கசிவு அழற்சிச் சைட்டோகைன்கள் இல்லாமலேயும் நிகழ்ந்தது. இவற்றை ஒன்றுக்கொன்று முரணான விளக்கங்களாகக் கொள்ள வேண்டியதில்லை. என்.எஸ்.1 படலத்தை நேரே தளர்த்துவதும், அது மூட்டிய சைட்டோகைன்கள் அதே சுவரை மறுபுறம் தாக்குவதும் ஒரே நாளில், ஒரே குழாயில் நடக்கக்கூடியவை. ‘சைட்டோகைன் புயல்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவதில் உள்ள குறை இதுதான்: சுவரைச் சேதப்படுத்தும் கைகளில் ஒன்று வைரஸின் நேரடிக் கையாக இருக்கையில், பழி முழுதும் நோயாளியின் நோயெதிர்ப்பின் மீது விழுந்துவிடுகிறது.

வளர்ப்புக் கிண்ணத்திலும் இந்த இருமை தென்படுகிறது. மனித டென்ட்ரிடிக் செல்களின் நடுவே வைரஸை விட்டால், தொற்றுக்குள்ளான செல்கள் முதிர்ச்சிக்குரிய அடையாளங்களைச் சரிவர வெளிக்காட்டாமல் மந்தமாகக் கிடக்க, தொற்றாத அண்டைச் செல்கள் சுற்றிலும் மிதக்கும் சைட்டோகைன்களால் முழுமையாக விழித்தெழுகின்றன. செல்களைத் தனித்தனியே பிரிக்காமல் கிண்ணத்தின் மொத்தச் சுரப்பை மட்டும் அளந்தால், வலுவான எதிர்ப்பு நடப்பதாகவே தோன்றும்; வைரஸ் பெருகும் செல்லுக்குள்ளோ அமைதி நிலவுகிறது. நோயாளியின் இரத்தத்தில் இன்டர்ஃபெரான் நிறைந்திருந்தும் வைரஸ் முதல் நாட்களில் பெருகிவிடுவதன் காரணத்தில் ஒரு பகுதி இதில் அடங்கும்.

முன்பு வேறு வகை டெங்கு வந்துபோனவர்களிடம் நிலைமை மேலும் சிக்கலாகிறது. டெங்கு வைரஸ் நான்கு வகைப்படும். இரண்டாம் முறை வேறொரு வகை தொற்றும்போது கடும் நோய் வரும் வாய்ப்பு கூடுவதை, பாங்காக்கில் பணியாற்றிய ஸ்காட் ஹால்ஸ்டெட் 1960களிலிருந்தே சுட்டிக்காட்டி வந்தார். முதல் தொற்றில் உருவான பழைய எதிர்ப்புரதங்கள் புதிய வைரஸை முழுதும் முடக்காமல் அதன்மேல் ஒட்டி, எதிர்ப்புரதத்தின் அடிப்பகுதியைப் பிடிக்கும் ஏற்பிகளின் வழியே அதை மோனோசைட்டுகளுக்குள் கொண்டுசேர்க்கின்றன என்பது விளக்கம். இதை வெறும் நுழைவாயில் பற்றிய செய்தியாக மட்டும் நெடுங்காலம் எடுத்துக்கொண்டனர். அவ்வழியே நுழைந்த வைரஸ், செல்லின் சைட்டோகைன் போக்கையும் மாற்றிவிடுகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின: அடக்கும் தன்மையுள்ள இன்டர்லூகின்-10 கூடுகிறது, இன்டர்ஃபெரான் வழி தளர்கிறது. 2014இல் சிங்கப்பூரில் நடந்த ஆய்வு, எதிர்ப்புரதம் போர்த்திய வைரஸ் அதே வேளையில் எல்.ஐ.எல்.ஆர்.பி-1 என்னும் மற்றோர் ஏற்பியையும் தொடுகிறது என்றும், தடுக்கும் இயல்புடைய அவ்வேற்பியின் குரலால் இன்டர்ஃபெரான் தூண்டும் மரபணுக்களின் தொடக்க எழுச்சி அடங்கிவிடுகிறது என்றும் கண்டது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் இன்டர்லூகின்-10ஐத் தன் மரபணுவிலேயே சுமந்து வருகிறது. டெங்கு, நோயாளியின் பழைய எதிர்ப்புரதங்களின் துணையால், அதைச் செல்லே சுரக்கும்படி செய்துகொள்கிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும், மருத்துவத்தில் இதன் பயன் எளிதில் கைகூடவில்லை. சைட்டோகைன்களின் மிகை நோய்க்குக் காரணமென்றால் அவற்றை ஒட்டுமொத்தமாக அடக்கும் ஸ்டீராய்டு உதவவேண்டும். வியட்நாமில் நடந்து 2012இல் வெளியான ஒரு சோதனையில், டெங்குவின் தொடக்க நாட்களிலேயே பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது. மருந்தின் பாதுகாப்பை முதன்மையாகப் பார்த்த சிறு சோதனையானாலும், அதிர்ச்சியையோ பிற சிக்கல்களையோ அது குறைத்ததாகத் தெரியவில்லை. ஒரு செல்லில் அணைந்தும் மறு செல்லில் மூண்டும் இருக்கும் ஒரு செய்தியை, எல்லாச் செல்களிலும் ஒரே சீராகத் தணிக்கும் மருந்தால் சரிப்படுத்த இயலும் என்று எதிர்பார்ப்பதற்கு வலுவான காரணம் இல்லை.

தடுப்பூசித் துறையில் இந்த அறிவுக்கு இடம் கூடுதலாக இருக்கிறது. முதலில் உரிமம் பெற்ற டெங்குத் தடுப்பூசி, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வைரஸின் உடலில் டெங்குவின் வெளிப்புறப் புரதங்களை மட்டும் ஏற்றியது. ஆகவே அதைப் பெற்றவர்களின் உடல் டெங்குவின் என்.எஸ்.1ஐச் சந்திப்பதே இல்லை. அதற்குப் பின்வந்த தடுப்பூசிகள் டெங்கு வைரஸையே அடிப்படையாகக் கொண்டவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு 2024 ஆகஸ்டில் மூன்றாம் கட்டச் சோதனைக்குச் சென்ற தடுப்பூசியும் அந்த வகையைச் சேர்ந்தது. இவற்றில் என்.எஸ். புரதங்கள் உண்டு என்பதால், என்.எஸ்.1க்கு எதிரான எதிர்ப்புரதங்களும் உருவாக வழியுண்டு; எலிகளில் அத்தகைய எதிர்ப்புரதங்கள் கசிவைத் தடுத்திருக்கின்றன.

மற்றொரு வழி, செய்தியை மறிக்கும் திறனையே வைரஸிடமிருந்து பறிப்பது. என்.எஸ்.5இல் ஸ்டாட்-2ஐப் பற்றும் பகுதியைத் தொட்டால் நகலெடுக்கும் வேலையும் குலையக்கூடும் என்பதால், ஆய்வாளர்கள் அதே புரதத்தின் வேறொரு வேலையில் கைவைத்தனர். வைரஸின் ஆர்.என்.ஏ. முனையில் மெத்தில் என்னும் சிறு வேதியியல் முத்திரையை இட்டு, அதை மனிதச் செல்லின் சொந்த ஆர்.என்.ஏ. போலத் தோன்றவைப்பதும் என்.எஸ்.5தான், முத்திரையில்லாத ஆர்.என்.ஏ.வை இன்டர்ஃபெரானால் தூண்டப்பட்ட ஐஃபிட் என்னும் புரதங்கள் அடையாளம் கண்டு முடக்கிவிடும். 2013இல் வெளியான ஆய்வில், முத்திரையிடும் நொதிப்பகுதியில் பிறழ்வு ஏற்றப்பட்ட டெங்கு வைரஸ் இன்டர்ஃபெரானுக்கு எளிதில் பணிந்தது. எலிகளிலும் குரங்குகளிலும் நோய் உண்டாக்காமல் வலுவான எதிர்ப்பாற்றலை வளர்த்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களில் தொற்றிப் பரவும் திறனையும் இழந்திருந்தது.